கதிரொளி வீடு வந்த வரலாறு

கதிரவனைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. தைத்திங்கள் முதல் நாளன்று முற்றத்தில் பொங்கலிட்டு, அவனுக்குப் படைத்த பின்னரே நாம் உண்கிறோம். அவன் தரும் வெம்மையை மனிதன் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளான். நெல்லை உலர்த்தினான், மீனைக் கருவாடாக்கினான், கடல்நீரைப் பாத்தியில் தேக்கி உப்பெடுத்தான். ஆயினும், அவன் ஒளியை மின்சாரமாக மாற்றி வீட்டு விளக்கை எரிக்கவும் விசிறியைச் சுழற்றவும் கற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான்.

இன்று மலேசியாவின் வீடமைப்புப் பகுதிகளிலும் சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் உச்சியிலும் கருநீலத் தகடுகள் வரிசையாகக் கிடப்பதைக் காண்கிறோம். அவை எவ்வாறு தோன்றின? நம் கூரையை வந்தடைய ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று? அவற்றை அமைக்க விரும்பும் இல்லத்தார் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

ஒளியில் பிறந்த மின்சாரம்

1839-ஆம் ஆண்டில் எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு இளைஞர் தம் தந்தையாரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நிகழ்த்தினார். கரைசலில் மூழ்கியிருந்த உலோகத் தகடுகள்மீது ஒளி பட்டபோது மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. கதிரொளி மின்சார வரலாற்றின் முதல் ஏடு இதுவே.

1873-இல் ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி ஸ்மித், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் பணியில் செலீனியம் என்னும் தனிமத்தைப் பயன்படுத்தினார். ஒளி பட்டால் அது மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதைக் கண்டு வெளியிட்டார். 1876-இல் ஆடம்ஸ், டே என்னும் இருவர், ஒளி பட்ட செலீனியம் தானே மின்சாரத்தைத் தோற்றுவிப்பதை நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கரான சார்லஸ் பிரிட்ஸ், செலீனியத்தின்மீது மெல்லிய பொன்படலத்தைப் பரப்பி ஒரு மின்கலம் செய்தார். தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே அது மின்சாரமாக்கியது. ஒளி ஏன் மின்சாரத்தை எழுப்புகிறது என்பதும் அக்கால அறிஞர்க்கு விளங்கவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அளித்த விளக்கமே அப்புதிரை அவிழ்த்தது; 1921-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்கு அவ்விளக்கத்தின் பொருட்டே வழங்கப்பட்டது.

வெப்ப நாடுகளை எண்ணித் தொடங்கிய ஆய்வு

இவ்வரலாற்றில் நம் போன்ற வெப்ப நாட்டார் மறக்கலாகாத ஓர் உண்மை உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற்கு ஒரு சிக்கல் ஏற்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளின் ஒதுக்குப்புறங்களில் தொலைபேசிக் கருவிகளை இயக்கிய உலர்மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று காணும் பணி டாரில் சாப்பின் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காற்றாலை, சிறு நீராவிப்பொறி ஆகியவற்றோடு கதிரொளி மின்கலத்தையும் அவர் ஆராய்ந்தார். முதலில் அவர் கையாண்ட செலீனியம் பெரிதும் ஏமாற்றம் அளித்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் கால்வின் புல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய இருவர் சிலிக்கானில் வேறு தனிமங்களைச் சிறிதளவு சேர்த்து அதன் மின்னியல்பை மாற்றும் ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். அவ்வாறு செய்த சிலிக்கான் துண்டு வெயிலில் நல்ல மின்னோட்டம் தருவதைக் கண்ட பியர்சன், செலீனியத்தை விட்டுவிடுமாறு சாப்பினுக்கு அறிவுறுத்தினார். மூவரின் முயற்சியும் ஒன்றிணைந்தது. 1954 ஏப்ரல் 25-ஆம் நாள் சிலிக்கான் கதிரொளி மின்கலம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன் திறன் நூற்றுக்கு 6 பங்கு. பெக்கரலின் சோதனைக்கும் இதற்கும் இடையே 115 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஈரமான வெப்ப நாடுகளின் தேவையிலிருந்து எழுந்த இக்கண்டுபிடிப்பு அந்நாடுகளுக்கு உடனே வந்து சேர்ந்ததா? இல்லை. இடையில் நின்றது விலை. ஓராற்றல் வாட்டுக்கு 286 டாலர் என்பது அன்றைய கணக்கு. ஒரு வீட்டுக்குப் போதிய மின்சாரம் பெற 14 இலட்சம் டாலருக்கு மேல் ஆகும் என 1956-இல் சாப்பினே கணக்கிட்டார். எந்த இல்லத்தாரால் அது இயலும்?

விண்ணில் வாழ்ந்து மண்ணுக்குத் திரும்பியது

விலையைப் பொருட்படுத்தாத துறை ஒன்றே இருந்தது. அது விண்வெளி. 1958 மார்ச் 17-இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 என்னும் அமெரிக்கத் துணைக்கோள் கதிரொளி மின்கலங்களைச் சுமந்து சென்றது. அதிலிருந்த சாதாரண மின்கலம் சில திங்களிலேயே ஓய்ந்துபோக, கதிரொளியால் இயங்கிய ஒலிபரப்பி 1964 வரை செய்தி அனுப்பியது.

மண்ணுலகில் இதன் விலையைக் குறைத்தவருள் எலியட் பெர்மன் குறிப்பிடத்தக்கவர். 1970களின் தொடக்கத்தில், தரம் சற்றுக் குறைந்த சிலிக்கானைப் பயன்படுத்தி, வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலையை 20 டாலராக்கினார். அவருக்குப் பொருளுதவி செய்தது எக்சான் என்னும் எண்ணெய் நிறுவனம். அத்தகடுகள் முதலில் பயன்பட்ட இடங்களுள் கடல்நடு எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளும் அடங்கும். எண்ணெய்க்கு மாற்றாகக் கருதப்படும் ஒன்றை எண்ணெய்த் தொழிலே வளர்த்துவிட்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம், கதிரவனிடமிருந்து வெப்பமும் மின்சாரமும் பெறும் ‘சோலார் ஒன்’ என்னும் வீட்டை அமைத்தது. 1979-இல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 தகடுகளை வைத்தார். 1986-இல், அதிபர் ரீகன் காலத்தில், அவை அகற்றப்பட்டன. அவை வெந்நீர்த் தகடுகளேயன்றி மின்சாரத் தகடுகள் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் உளர். முன்னது வெப்பத்தைப் பிடித்து நீரைச் சூடாக்குவது. பின்னது ஒளியை மின்சாரமாக்குவது.

கூரையே மின்நிலையம்

பெரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டி அங்கிருந்து கம்பிவழி அனுப்புவதே மின்சாரம் என்று எண்ணிய காலத்தில், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மார்க்கஸ் ரியல் வேறுவிதமாக எண்ணினார். 1980களின் பிற்பகுதியில் 333 வீட்டுக் கூரைகளில் தலைக்கு மூன்று கிலோவாட் வீதம் தகடுகளை அமைக்கச் செய்தார். மின்சாரம் வேண்டப்படும் இடத்திலேயே அதனைப் பிறப்பிக்கலாம். அதற்குத் தனி நிலமும் வேண்டுவதில்லை என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

ஜெர்மனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பான் 1994-இல் வீட்டுக் கூரைகளுக்கு மானியம் வழங்கலாயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி இயற்றிய சட்டம், கூரையில் பிறக்கும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்க வழிவகுத்தது. தேவை பெருகவே தொழிற்சாலைகள் பெருகின. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஷி செங்ரோங் 2001-இல் சீனாவில் நிறுவிய சன்டெக் தொழிலகமும், அதனைப் பின்பற்றி எழுந்த பிறவும் விலையை மளமளவெனச் சரித்தன. 2010களின் தொடக்கத்திலேயே தகட்டின் விலை வாட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அறிஞரின் அறிவு மட்டும் இதனைச் செய்யவில்லை. அரசுகளின் சட்டமும், வெயில் குறைந்த நாட்டு மக்கள் செலுத்திய மின்கட்டணமும் சேர்ந்தே செய்தன.

நம் மண்ணில்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் வாழ்ந்தனர். பின்னர்ப் பல தோட்டங்களில் எண்ணெயால் ஓடும் இயந்திரம் மாலையில் சில மணிநேரம் மின்சாரம் தந்தது. அது நின்றதும் லயங்கள் இருண்டன. விளக்கு எப்போது எரியும், எப்போது அணையும் என்பதை வீட்டில் இருப்பவர் முடிவு செய்ததில்லை. இப்பின்னணியில் நோக்கினால், தன் கூரையில் தானே மின்சாரம் பிறப்பிக்கும் நிலை எத்தகைய மாற்றம் என்பது புலனாகும்.

மலேசியாவில் 2005 முதல் 2010 வரை கட்டடங்களோடு இணைந்த கதிரொளித் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதன் பகுதியான சூரியா 1000 வீட்டுடைமையாளர்க்குச் சலுகை விலையில் தகடுகள் கிடைக்கச் செய்தது. 2008-இல் கெடா மாநிலத்துக் கூலிமில் பர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தகட்டுத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. 2011-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் நிறைவேறி, செடா எனப்படும் ஆணையமும் அமைந்தது. கூரை மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்கும் முறை அவ்வாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் நிகர அளவீட்டு முறை தொடங்கியது. வீட்டில் எஞ்சும் மின்சாரத்தை இணைப்புக்கு அனுப்பி, அதனைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதே இம்முறை. 2019 முதல் அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் எனக் கணக்கு அமைந்தது. 2021-இல் தொடங்கிய அதன் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் இறுதியில் முடிவுற்றது. விதிகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருத்தலின், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் நடப்பு விதியை ஆணையத்திடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

இல்லத்தார் அறியவேண்டுவன

சிலிக்கான் கலம் ஈரடுக்கு உடையது. வழக்கமாக ஓரடுக்கில் போரானும் மற்றதில் பாஸ்பரசும் சிறிதளவு கலந்திருக்கும். ஒளி பட்டு விடுபடும் எதிர்மின்துகள்களை இவ்வடுக்குகளின் சந்திப்பு ஒரு திசையில் தள்ளுகிறது; அதுவே மின்னோட்டம். ஒரு கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்டே. ஆதலின் பல கலங்களைத் தொடராக இணைத்து ஒரு தகடாக்குகின்றனர். தொடராக இணைந்தமையால் ஒரு கலத்தின்மீது மரநிழலோ நீர்த்தொட்டியின் நிழலோ விழுந்தால் அதன் தாக்கம் பிறவற்றையும் பற்றும். கூரையில் எந்நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று பார்ப்பதே முதற்பணி.

தகடு தருவது நேர்மின்னோட்டம். வீட்டுக் கருவிகள் வேண்டுவது மாறுமின்னோட்டம். இன்வெர்ட்டர் என வழங்கும் மாற்றி இவ்வேலையைச் செய்கிறது. தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். மாற்றியைப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்ற நேரும். அச்செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு திங்களுக்கு ஏறத்தாழ 100 யூனிட் தரும். நான்கு கிலோவாட் அமைத்தால் 400 யூனிட் எதிர்பார்க்கலாம். வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்று எண்ணுவது முழு உண்மையன்று. தகட்டின் திறன் 25 பாகை வெப்பநிலையில் அளக்கப்படுவது. நண்பகலில் கூரைத் தகடு 60 பாகையை எட்டினால் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எனவே ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட இடைவெளி வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்குத் தகடு எத்திசை நோக்குகிறது என்பது ஐரோப்பியர்க்குள்ள அளவு பெரிதன்று. மழைநீர் தூசியைக் கழுவிச்செல்லச் சற்றுச் சாய்வு இருந்தால் நன்று.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பொது இணைப்போடு சேர்ந்த வழக்கமான அமைப்பு, ஊர் மின்சாரம் தடைப்பட்டால் வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் தானே நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. தடைப்பட்ட வேளையிலும் விளக்கு எரிய வேண்டுமாயின், அதற்கென அமைந்த மாற்றியும் சேமிப்பு மின்கலமும் தேவை, செலவும் கூடும்.

கூரை யாருடையது?

வரலாறு இங்கு ஒரு வினாவை எழுப்புகிறது. 2011-ஆம் ஆண்டுத் திட்டத்தில் கூரை மின்சாரத்திற்கு அளித்த விலை, மின்கட்டணத்தோடு நூற்றுக்கு ஒரு பங்கு எனவும், 2014 முதல் 1.6 பங்கு எனவும் பொதுமக்களிடம் பெறப்பட்டது. திங்களுக்கு 300 யூனிட் வரை பயன்படுத்துவோர்க்கு விலக்கு உண்டு எனினும், பயனடைந்தவர் சொந்தக் கூரையும் முதலும் உடையவரே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகருக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களுள் பல வாடகை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றன. அவர்களுக்குக் கதிரவன் பொது, கூரை பொதுவன்று.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2008-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சோதனை முறையில் தொடங்கி, 2014-இல் சோலார்நோவா திட்டமாக விரித்த பணியில், அடுக்குமாடி உச்சியில் பிறக்கும் மின்சாரம் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, நீரேற்றி ஆகிய பொதுத் தேவைகளுக்குப் பயன்படுகிறது. எஞ்சியது இணைப்புக்குச் செல்கிறது. சரவாக்கில் மின்கம்பி எட்டாத நீண்டவீடுகளுக்கு 2016 முதல் ஊர்ப் பொதுவில் கதிரொளி மின்சாரம் வழங்கப்பட்டு வருகிறது. தனிவீட்டுக் கூரை ஒன்றே வழி என்பதில்லை. பொதுக்கூரையும் ஒரு வழியே.

நம் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் அகன்ற கூரை உடையவை. அவற்றுள் பள்ளி, வெயில் காயும் வேளையிலேயே மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுவது. ஆகவே பிறப்பிக்கும் மின்சாரம் உடனுக்குடன் அங்கேயே பயன்படும். பெற்றோர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் இதனை ஆராய்ந்து பார்த்தல் நலம். ஆசிரியர்கள் மாணவர்க்கு மின்கட்டணச் சீட்டைப் படிக்கவும், யூனிட்டைக் கணக்கிடவும், கூரை நிழலை மணிக்கு மணி அளந்து குறிக்கவும் கற்பிக்கலாம். விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பாமல் எடைபோடும் ஆற்றல் அதனால் வளரும்.

பெக்கரல் கண்ட ஒளித்துளி நம் கூரையை அடைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வெப்ப நாடுகளுக்கெனத் தொடங்கிய ஆய்வு விண்வெளிக்கும் குளிர்நாடுகளுக்கும் போய், அதன் பின்னரே வெப்ப நாட்டாராகிய நம்மிடம் வந்துள்ளது. வந்த ஒளி சிலர் கூரையோடு நின்றுவிடாமல் பலர் இல்லத்திலும் பரவச் செய்வது இனி நம் கையில் உள்ள பணியாகும்.