திரும்பிப் போகக் கப்பல் உண்டு

நாலைந்து சிநேகிதர்களாகச் சேர்ந்து கப்பலில் போவது, துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்குவது, கூட்டத்தோடு போகாமல் கால் போன போக்கில் ஊரைச் சுற்றுவது, சங்கு ஊதுவதற்குள் ஓடிவந்து ஏறிக்கொள்வது. இதைவிடச் சுகமான பிரயாணம் கிடையாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதால் சுகம் குறைந்துவிடாது. சற்றே கனம் கூடும், அவ்வளவுதான்.

ஊர் பார்ப்பதற்காகவே கப்பலேறுவது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் முளைத்த ஆசை. அதற்கு முன் கடல் கடந்தவனுக்கு வியாபாரமோ, யுத்தமோ, மதமோ, பிழைப்போ ஏதாவது ஒரு காரியம் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844இல் ஒரு கம்பெனிக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து புத்தகம் எழுதினார். அவர் போனது தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லும் கப்பல்களில். ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு கப்பல் முழுவதையும் ஏற்பாடு செய்துகொண்டு, அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு கூட்டம் புறப்பட்டது 1867இல். அந்த வருஷம் ஜூன் 8ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ‘க்வேக்கர் ஸிட்டி’ என்ற நீராவிக் கப்பல், கோடையையும் இலையுதிர் காலத்தையும் கடலிலும் கரையிலுமாகக் கழித்துவிட்டு நவம்பர் 19ஆம் தேதி ஊர் திரும்பியது.

கட்டணம் ஆளுக்கு 1,250 டாலர். கரையில் ஆகும் செலவுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தங்கமாக வைத்துக்கொண்டால் போதும் என்று விளம்பரத்தில் கண்டிருந்தது. பணம் இருந்தால் மட்டும் போதாது. ஒரு கமிட்டி ஆளைப் பார்த்து, யோக்கியன்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புருக்ளினில் புகழ்பெற்ற பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சர் வருகிறார், ஜெனரல் ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் சொன்னார்கள். இருவரும் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், பக்திமான்கள். நம் ஊரில் காசி யாத்திரைக்கு ஸ்பெஷல் ரயில் கட்டிக்கொண்டு போவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிக் கூட்டம். தினம் இரவு கப்பல் கூடத்தில் பிரார்த்தனை நடந்தது.

அந்தப் பக்திமான்கள் நடுவே, முப்பத்தொரு வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவரும் ஏறியிருந்தார். ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து வந்த ‘ஆல்ட்டா கலிபோர்னியா’ பத்திரிகை அவருக்கு டிக்கெட்டு வாங்கிக் கொடுத்து, கடிதம் ஒன்றுக்கு 20 டாலர் வீதம் தருவதாகப் பேசி அனுப்பியிருந்தது. மார்க் ட்வெயின் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்த அவருக்குப் பிரார்த்தனைக் கூடத்தைவிடச் சுருட்டுப் புகை சூழ்ந்த அறைதான் பிடித்திருந்தது. அங்கே சேர்ந்தவர்கள் சிநேகிதர்கள் ஆனார்கள். அறைத் தோழர் டான் ஸ்லோட், கப்பல் டாக்டர் ஜாக்ஸன், இன்னும் இரண்டு மூன்று பேர். ஊர் வந்ததும் இவர்கள் தனியே கழன்றுகொள்வார்கள். மார்செய்ல்ஸில் கப்பலை விட்டுப் பாரிஸுக்கு ஓடினார்கள். பிறகு மறுபடி கப்பலில் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டிகள் எத்தனை பேர் மாறினாலும் எல்லோருக்கும் ‘பெர்குஸன்’ என்றே பெயர் வைத்தார்கள். ஜினோவாவில் ஒரு வழிகாட்டி மூச்சுத் திணறக் கொலம்பஸின் பெருமையைச் சொல்ல, டாக்டர் முகத்தில் சலனமே இல்லாமல், அந்த மனிதர் செத்துவிட்டாரா என்று விசாரித்தாராம். பாவம், அந்த வழிகாட்டி.

இதெல்லாம் விளையாட்டு. ஆகஸ்டு 14ஆம் தேதி ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் நடந்ததை அப்படிச் சொல்லிவிட முடியாது.

கப்பல் இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியில் அப்போது காலரா. துறைமுக அதிகாரி படகில் வந்து, உடனே கிளம்பிப் போங்கள், இல்லையென்றால் வெளியே நங்கூரம் போட்டுப் பதினோரு நாள் யாரும் இறங்காமல் கிடங்கள் என்று சொல்லிவிட்டார். காப்டன் மறுநாளே கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்படத் தீர்மானித்தார். அத்தனை தூரம் வந்தவர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அக்ரோபோலிஸ் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடையை மீறினால் ஆறு மாதம் சிறை என்றும் பேச்சு அடிபட்டது.

இரவு பதினொரு மணிக்கு ட்வெயினும் மூன்று சிநேகிதர்களும் சின்னப் படகு ஒன்றில் கள்ளத்தனமாகக் கரையேறினார்கள். ஊரை ஒதுக்கி, குன்றுகளையும் உழுத வயல்களையும் கடந்து, திராட்சைத் தோட்டங்களில் கைக்கு எட்டியதைப் பறித்துத் தின்றுகொண்டு நடந்தார்கள். கோட்டைக் கதவு பூட்டியிருந்தது. காவலர்கள் எழுந்து வந்தார்கள். காசு கை மாறியதும் கதவு திறந்தது. உள்ளே நிலா வெளிச்சத்தில் பார்த்தினான் கோவில். வெனிஸ்காரர்களின் குண்டு 1687இல் அதனுள் இருந்த துருக்கியரின் வெடிமருந்தில் விழுந்து சிதறடித்ததுபோக மிச்சம் நின்ற தூண்கள். சுவரோரம் வந்து கீழே பார்த்தால், நிலவில் முழுகித் தூங்கும் ஏதென்ஸ். திரும்பும் வழியில் திராட்சைத் தோட்டத்துக் காவலாளிகள் துப்பாக்கியோடு தொடர்ந்தார்கள். எப்படியோ விடிவதற்குள் கப்பல் சேர்ந்தார்கள்.

வருஷக்கணக்காக நான் இந்த இடத்தை நண்பர்களுக்கு ஆசையாகச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த நால்வர் பக்கம்தான் இருப்பார்கள். துறைமுக அதிகாரியின் பக்கம் யாரும் இருப்பதில்லை. ஆனால் அவர் பக்கமும் ஒரு கதை உண்டு; அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு.

காலரா கங்கைச் சமவெளியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய வியாதி. பழைய காலத்தில் அது கால்நடையாகவும் பாய்மரத்திலும் போயிற்று. நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபின் மனிதன் போகும் வேகத்தில் அதுவும் போயிற்று. 1865இல் மெக்கா யாத்திரிகர்களோடு எகிப்துக்கு வந்து, அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் பரவியது. மறு வருஷம் பல தேசத்துப் பிரதிநிதிகள் இதற்காகவே கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிப் பேசினார்கள். தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டியிருந்தும் பலர் நம்பவில்லை. கிருமியை ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883-84இல்தான். அதுவரை ஒரு துறைமுக நகரத்தின் கையில் பெரிதாக என்ன இருந்தது? கப்பலை நிறுத்திவைத்து, நாட்களை எண்ணுவது ஒன்றுதான்.

அந்த நால்வர் உடம்பிலும் நோய் இருக்கவில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம், ஏதென்ஸின் அதிர்ஷ்டமும் கூட. இருந்திருந்தால்? மறுநாள் அவர்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தத் தோட்டக்காரனும், கதவைத் திறந்த காவலனும், அவர்கள் பெண்டு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அவர்களுக்கு ஏறிக்கொள்ளக் கப்பல் ஏது?

இந்தக் கேள்வியை நான் வலிய இழுத்துக்கொண்டு வரவில்லை. அந்த வருஷத்து இலையுதிர் காலம் அதை வேறொரு துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

செப்டம்பரில் பெய்ரூட்டில் இறங்கி, எட்டுப் பேர் கொண்ட ஒரு கோஷ்டி குதிரைகளில் தமாஸ்கஸ் வழியாக ஜெருசலேமுக்குப் புறப்பட்டது. எட்டுப் பேருக்குப் பத்தொன்பது வேலையாட்கள், இருபத்தாறு பொதிக் கோவேறு கழுதைகள். இதிலும் ஒரு தமாஷ். ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் செய்வது பாவம் என்று பக்திமான்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்காக மூன்று நாள் வழியை இரண்டே நாளில் கடக்க வேண்டும் என்று குதிரைகளை விரட்டினார்கள். வாயில்லாப் பிராணியை வதைப்பது அவர்களுக்குப் பாவமாகத் தோன்றவில்லை என்று ட்வெயினுக்குக் கோபம். சிநேகிதர்களோடு ஊர் சுற்றுவதில் உள்ள சங்கடம் இதுதான். கூட்டத்தை விட்டுவிட்டு வரலாம். கூட்டாளியின் மனச்சாட்சியை விட்டுவிட்டு வரமுடியாது.

கடைசியாக ஜாபா துறைமுகம். அங்கே அவர்களுக்காகக் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. வேறு சிலரும் கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முந்திய வருஷம், 1866 செப்டம்பரில், அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்திலிருந்து சுமார் நூற்றைம்பது பேர் குடும்பம் குடும்பமாக ஜாபாவில் வந்து இறங்கியிருந்தார்கள். ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற உபதேசி அவர்களை அழைத்து வந்தவர். ஒரு காலத்தில் நாடகமும் நடித்தவர். புண்ணிய பூமியில் விவசாயம் செய்து குடியேறினால் தீர்க்கதரிசனம் பலிக்கும் என்று அவர் சொன்னதை நம்பி, சொந்த நிலத்தை விற்று, பணத்தை ஒப்படைத்து, வீடுகளைக்கூட மரச் சட்டங்களாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்த சில வாரங்களிலேயே நோய் பிடித்தது. குழந்தைகள் செத்தன. பயிர் பொய்த்தது. உபதேசி குடியில் விழுந்தார். வசதியுள்ளவர்கள் திரும்பிவிட, கதியற்றவர்கள் மிஞ்சினார்கள்.

அப்படி மிஞ்சியவர்களில் சுமார் நாற்பது பேர் 1867 அக்டோபரில் ‘க்வேக்கர் ஸிட்டி’யில் ஏறினார்கள். ஏறக்குறைய நான்கு மாதமாக ஊர் ஊராய் வேடிக்கை பார்த்துவந்த கப்பலில், வேடிக்கையாக இல்லாத ஒரு கூட்டம் ஏறி உட்கார்ந்தது. சிரிக்க வைப்பதே தொழிலான ட்வெயினுக்கு அவர்களைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்ல அவர்களும் விரும்பவில்லை. அலெக்ஸாண்டிரியாவில் அவர்களை இறக்கியாயிற்று. அதற்கு மேல்? பிரயாணிகளில் ஒருவரான மோஸஸ் பீச், நியூயார்க் ‘ஸன்’ பத்திரிகையின் சொந்தக்காரர். அவர் 1,500 டாலர் தங்கம் எடுத்துக் கொடுத்து அவர்களை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒரு கப்பல் கட்டணத்துக்குச் சற்று மேல். நாற்பது பேர் வீடு சேர்ந்தார்கள். அந்தப் பிரயாணத்தில் நடந்த காரியங்களுக்குள் பெரிய காரியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பிறகு அதே அக்டோபரில், ட்வெயினும் டாக்டர் ஜாக்ஸனும் இன்னும் இருவரும் ஜிப்ரால்டரில் கப்பலை விட்டு இறங்கி, ஸ்பெயின் தேசத்தில் ஸெவில், கார்டோவா ஊர்களைச் சுற்றிவிட்டுக் காடிஸில் கப்பலைப் பிடித்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம். அறுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் அவருடைய புத்தகத்தில் இதற்கு விழுந்தது ஒரு சிறு பத்தி. அந்த நால்வரில் ஜூலியா நியூவெல் என்ற பெண்மணியும் இருந்தார். தம் ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி வந்தவர். பின்னாளில் அவரும் டாக்டரும் தம்பதிகள் ஆனார்கள். அந்த ஒரு வாரத்தின் மிச்சக் கதையை அவர்கள் இருவரும் அறிவார்கள், நமக்குத் தேவையில்லை.

கப்பல் நியூயார்க் சேர்ந்ததுமே, அந்த உல்லாசப் பிரயாணத்தைச் சவ ஊர்வலத்துக்கு ஒப்பிட்டு ட்வெயின் பத்திரிகையில் எழுதினார். சகபிரயாணிகள் கொதித்தார்கள். 1869இல் புத்தகம் வந்து அவரைப் பணக்காரராக்கியது. கப்பலில் சிநேகிதனான இளைஞன் சார்லஸ் லாங்டன் காட்டிய படத்தில் இருந்த அக்காளை 1870இல் அவர் மணந்துகொண்டார். ஆக, கப்பல் அவருக்குப் புகழும் கொடுத்தது, மனைவியும் கொடுத்தது.

ஜாபாவில் கைவிடப்பட்ட மர வீடுகளை ஜெர்மானியக் குடியேறிகள் வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் சில பழுது பார்க்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. கப்பலில் வரும் பிரயாணிகள் அவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கட்டும். சிநேகிதர்களோடு தாராளமாக இறங்கிச் சுற்றட்டும். ஒரே ஒரு நினைப்பு மனத்தில் இருந்தால் நல்லது. நாம் ஓடியாடிப் பார்க்கும் சந்தையும் சந்தும் அங்கே இருக்கிறவர்களுக்கு வீடு. சங்கு ஊதினால் நமக்குப் போக இடம் இருக்கிறது. சங்கு ஊதியபின் கரையில் நிற்கிறவர்களைக் கொண்டதுதான் ஊர்.