சிவனொளிபாத மலை யாத்திரையும் வலிகாமத்து வழியுணவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உரும்பிராய் உள்ளிட்ட வலிகாமப் பகுதி, சுண்ணாம்புப் பாறைமேல் செம்மண் படர்ந்த சமநிலமாதலின், குன்று என்று சொல்லத்தக்க ஒன்றும் அங்கில்லை. ஆயினும் யாழ்ப்பாணச் சைவரின் சமய வாழ்வில் மத்திய மலைநாடு இடம்பெற்றமைக்கு, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவடே காரணமாகும். சைவர் சிவபெருமானுடையதென்றும் பௌத்தர் புத்தருடையதென்றும் இஸ்லாமியர் ஆதாமுடையதென்றும் அதனைப் போற்றுவர்.

யாழ்ப்பாண அரசுக்கும் இம்மலைவழிக்கும் இருந்த தொடர்பை, 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவின் பயணநூல் தெளிவாகக் காட்டுகிறது. புத்தளத்தில் அவரை வரவேற்ற யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி, வேண்டியதைக் கேட்குமாறு கூறியபோது, பாதச்சுவட்டைக் காண்பதொன்றே தம் விருப்பமென அவர் தெரிவிக்க, மன்னர் பல்லக்கொன்றை அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், பரிவாரத்தினர் பதின்மரையும், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினார். யோகியரைப் பற்றிய குறிப்பு, இந்த யாத்திரை அக்காலத்திலேயே ஒழுங்குபட்ட வழக்கமாயிருந்ததை உணர்த்துகிறது. அதனினும் கருதத்தக்கது, உடன் சென்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உணவு சுமந்தவர்கள் என்பதாகும். காட்டுவழியில் நாட்கணக்காக நடக்கவேண்டியிருந்த காலத்தில், மலையேற்றத்தின் அளவைக் கால்வலிமையோடு கட்டுச்சோறும் தீர்மானித்தது. உச்சியை அடுத்த செங்குத்தான பாறையில் பற்றியேற இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் இபின் பதூதா பதிவுசெய்துள்ளார்.

நெடுவழிக்கேற்ற உணவு வகையில் வலிகாமம் வறுமைப்பட்டதன்று. பனங்கிழங்கை அவித்து உலர்த்திய புழுக்கொடியல், பனம்பழக் களியைப் பாயிற் பரப்பி அடுக்கடுக்காக வெயிலில் காயவைத்த பனாட்டு, பதநீரைக் காய்ச்சிப் பனையோலைக் குட்டானில், அதாவது சிறு ஓலைப்பெட்டியில், வார்த்தெடுத்த பனங்கட்டி ஆகியன அடுப்பின்றி உண்ணத்தக்கவை. பல மாதம் கெடாதவை. பஞ்சகால உணவென்று மட்டும் இவற்றைக் குறிப்பிடுவது போதாது. ஈரத்தைப் பெரிதும் நீக்கிக் கனத்தைக் குறைத்துச் சத்தைக் காக்கும் இந்தச் செய்முறை, பயணத்தின் தேவையையும் நன்கறிந்த மக்களின் அறிவாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவி மலையுச்சியின் உரிமையைச் சைவத் துறவியரிடம் ஒப்படைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் பௌத்தருக்கு மீட்டளித்தான். உரிமை கைமாறிய போதும் சைவரின் யாத்திரை நின்றுவிடவில்லை.

வழியுணவின் தேவையைக் குறைத்தது புகையிரதமே. 1884 இல் அட்டன் வரையும், 1905 இல் காங்கேசன்துறை வரையும் பாதை எட்டியபின், வலிகாமத்து யாத்திரிகர் அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக மலையடிவாரமான நல்லதண்ணியை அடைந்து, ஓரிரவில் படியேறித் திரும்ப முடிந்தது. யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையாகும். 1990 இல் போரினால் அறுந்த யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை 2014 இல் மீண்டது.

சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடு, 1988 இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலில் பயணிகளின் பொதிகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை அகற்றிவிடுகின்றனர். ஓலைக் குட்டானுக்கு அத்தடை இல்லையாதலால், வடக்கிலிருந்து மலைநாட்டுக்குச் செல்வோர் பனங்கட்டியையும் புழுக்கொடியலையும் மீண்டும் வழியுணவாகக் கொள்வது அம்மலைக்காடுகளுக்கும் உகந்ததாகும்.