கை நீட்டிய ஜில்லா

மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். இந்தச் சாலையில் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சைக்கிளில் போனது ஒரே ஒரு தடவைதான். 2021-ஆம் வருஷம், கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்து, சர்க்கார் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்த சமயம் அது. போன காரியம் ஒரு பூட்டிய கதவைப் பார்ப்பதற்கு என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சைக்கிள் சமாசாரத்தைச் சொல்லி விடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ்ஸும் ரயிலும் நின்று போயின. பிறகு அவை ஓடத் தொடங்கியும் கூட்டத்தில் ஏற ஜனங்களுக்குப் பயம். தேகப் பயிற்சிக் கூடங்களும் மூடிக் கிடந்தன. எல்லோருக்கும் சைக்கிள் ஞாபகம் வந்து விட்டது. அந்த வருஷம் மே முதல் செப்டம்பர் வரை ஐந்தே மாதத்தில் இந்தியாவில் 41 லட்சத்துக்கு மேல் சைக்கிள்கள் விற்றனவாம். என் பழைய வண்டிக்கு டியூப் மாற்றப் போனேன். கடையில் விற்பதற்கு ஒரு வண்டிகூட இல்லை. கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"கம்பெனியிலே கேட்டால் இரண்டு மாசம் ஆகும் என்கிறான். இப்படி வரும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நாற்பது வண்டி வாங்கி அடுக்கியிருப்பேன், சார்!"

சைக்கிளுக்கு இரண்டு மாதம் காத்திருக்கலாம். மருந்துக்குக் காத்திருக்க முடியுமா? அந்தக் கேள்வியோடுதான் நான் வீடு திரும்பினேன்.

மாமல்லபுரத்துக்கு இந்த நோயோடு ஒரு விசித்திரமான சம்பந்தம் உண்டு. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் நம் பிரதமர் மோதியும் இங்கே சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் சேர்ந்து பார்த்தார்கள். அதற்கு முந்தைய சந்திப்பு 2018 ஏப்ரலில் சீனாவில் நடந்தது. நடந்த ஊரின் பெயர் ஊஹான்! மாமல்லபுரத்துச் சந்திப்பு முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள் அந்த ஊர்ப் பெயர் உலகம் முழுவதும் அடிபட்டது. ஆறாவது மாதம், 2020 மார்ச் 17-ஆம் தேதி, கடற்கரைக் கோயிலின் வாசலை மூடினார்கள். மாதக் கணக்கில் திறக்கவில்லை. கல்தச்சர் பட்டறைகளில் உளிச் சத்தம் நின்றது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர்த் திண்ணைக்குப் போனார்கள். வண்டிப் புகை அடங்கியதும் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. ராத்திரியில் இத்தனை நட்சத்திரங்களா என்று குழந்தைகள் அதிசயப்பட்டார்கள். அதே சமயம் கடற்கரை மணலில் கிளிஞ்சல்களோடு ஜனங்கள் வீசியெறிந்த முகக் கவசங்களும் கிடந்தன.

இதெல்லாம் கொள்ளை நோயின் வெளி வேஷம். அதன் நிஜமான முகத்தைச் செங்கற்பட்டு 2021 மே 4-ஆம் தேதி இரவு பார்த்தது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்த ஓர் இரவில் 13 நோயாளிகள் இறந்தார்கள். குழாயில் பிராணவாயுவின் அழுத்தம் குறைந்து போயிற்று என்றார்கள் உறவினர்கள். பற்றாக்குறை எதுவும் இல்லை என்றார்கள் அதிகாரிகள். விடிந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு எந்தப் பதிலும் ஆறுதல் தரவில்லை.

அதே மாதத்தில் தடுப்பூசிக்கும் பஞ்சம். பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் மே முதல் தேதியிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தாகி விட்டது. போடுவதற்கு மருந்துதான் இல்லை. தமிழ்நாட்டு அரசு மூன்றரைக் கோடி ஊசிகளுக்கு உலக அளவில் டெண்டர் விட்டுப் பார்த்தது. ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் மருந்து வாங்குவதில் தமிழ்நாடு கைதேர்ந்த ராஜ்யம். 1994-லேயே அதற்கென்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி, ஜில்லாதோறும் கிடங்கு கட்டி, மற்ற ராஜ்யங்கள் வந்து பார்த்துக் கற்றுப் போகும்படி நடத்தி வந்திருக்கிறது. கிடங்கு இருந்தது, பணம் இருந்தது, கை நீட்ட ஜனங்களும் இருந்தார்கள். உலகச் சந்தையில் சரக்கு இல்லை.

செங்கற்பட்டு ஜில்லா தடுப்பு மருந்துக்குக் கை நீட்டியது அப்போதுதான் முதல் தடவை என்று நினைத்து விடக் கூடாது. அந்தப் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஜென்னர் 1796-ல் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டார். அந்த அம்மைப்பால் இந்தியாவுக்கு வர ஆறு வருஷம் ஆயிற்று. கப்பலில் குப்பியில் அடைத்து அனுப்பினால் உஷ்ணத்தில் கெட்டு விடும். ஆகவே தரை மார்க்கமாகக் கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று கை மாறிக் கை மாறி வந்தது. கை மாறி என்பதை இங்கே அட்சரம் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். ஒரு வாரத்தில் கொப்புளம் எழும். அதிலுள்ள பாலை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். பம்பாயில் 1802 ஜூன் 14-ஆம் தேதி அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது பலித்தது. அதே வருஷத்தில் சென்னைக்கும், அங்கிருந்து இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு மருந்துக் குப்பி, கிடங்கு, வண்டி எல்லாமே குழந்தையின் கைதான். நடுவில் ஒரு குழந்தைக்குக் கொப்புளம் எழாவிட்டால் சங்கிலி அறுந்தது.

ஜனங்கள் பயந்தார்கள், பயப்படாமல் என்ன செய்வார்கள்? அப்போது சென்னையில் எல்லிஸ் என்ற துரை இருந்தார். திருக்குறளில் ஈடுபாடு கொண்டவர் என்று நாம் அறிந்த அதே எல்லிஸ்தான். பசு மனிதருக்குத் தரும் பொருள்களில் அம்மைப்பாலும் ஒன்று என்று தெய்வ வாக்காகவே சொல்லும்படி ஒரு கதையைக் கட்டினார் அவர். இது கேலிக்குரியது என்று நினைப்பவர்கள், மாமல்லபுரத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் இருக்கும் கோவளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021-ல் அந்த மீனவர் ஊரில் முதல் இரண்டு மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 58 பேர். பிறகு தொண்டர்கள் சிலர் கூடி, ஊசி போட்டுக்கொண்டால் பிரியாணி என்று அறிவித்தார்கள். குலுக்கலில் தங்கக் காசும் துணி துவைக்கும் மிஷினும் உண்டு என்றார்கள். மூன்றே நாளில் 345 பேர் வந்தார்கள்! எல்லிஸ் துரையின் காலத்தில் கதை. நம் காலத்தில் பிரியாணி. பயந்த மனிதனைக் கையைப் பிடித்து அழைத்து வர ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

குழந்தைகளின் கைகளை நம்பியே எத்தனை நாள் காலம் தள்ளுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் இதற்கு வழி தேடினார். கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து, அதைக் கம்பளி ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்ற கொழுப்பில் குழைத்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெடுவதில்லை என்று கண்டார். அவர் பெயரால் கிண்டியில் ஏற்பட்ட கிங் நிலையம் 1905-ல் திறக்கப்பட்டது. இன்று கிண்டி சென்னைக்குள் இருக்கிறது. அன்று அது செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகா. ராஜதானிக்கே அம்மைப்பால் நம் ஜில்லாவிலிருந்து போயிற்று. பெரியம்மை மும்முரமாக இருந்த வருஷமும், இல்லாத வருஷமும் அங்கே கன்றுகளைப் பராமரித்து வந்தார்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1918-ல் விஷ ஜுரம் வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு அன்று உலகத்தில் எங்குமே ஊசி கிடையாது. ஆனால் அறிந்த நோய்களுக்கு மருந்து செய்வது நிற்கவில்லை. 1948-ல் அதே கிண்டியில் க்ஷய ரோகத்துக்கான பி.சி.ஜி. ஊசி மருந்துக்கென்று ஒரு கூடம் எழுந்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் விடுதியில் டாக்டர் காக்ரேன் 1940-களில் சல்போன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, தீராத நோயைத் தீரும் நோயாக்கும் வேலையில் பங்குகொண்டார். 1955-ல் மத்திய சர்க்கார் அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கிற்று.

பிறகு 1968-ல் ஜில்லா மறுபடியும் கை நீட்டிற்று. பி.சி.ஜி. ஊசி க்ஷயத்தை உண்மையிலேயே தடுக்கிறதா என்று உலகத்துக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க உலகச் சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கச் சுகாதாரத் துறையும் தேர்ந்தெடுத்த இடம் செங்கற்பட்டு. திருவள்ளூர்ப் பக்கத்தில் 209 கிராமங்களும் சில சிறு பட்டணங்களும். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கணக்கெடுத்தார்கள். 1971 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. பதினைந்து வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சின்னஞ்சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வரும் க்ஷயத்திலிருந்து காப்பதற்காக அதை இன்றும் போடுகிறார்கள். உலகத்து வைத்தியப் புஸ்தகங்களில் எல்லாம் செங்கற்பட்டு என்ற பெயர் ஏறியிருப்பது இதனால்தான். ஏரியாலும் கோட்டையாலும் அல்ல. பெயர் தெரியாத குடியானவர்களின் கைகளால்.

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். உற்பத்தி முறைகள் தற்காலத் தரத்துக்கு இல்லை என்று 2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று ஊர்களிலும் இருந்த சர்க்கார் தடுப்பு மருந்துக் கூடங்களின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். 2010-ல் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். இடையில் நாடு தனியார் கம்பெனிகளை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகத் திருமணியில் 100 ஏக்கரில் ஒரு பெரிய தடுப்பு மருந்து வளாகம் கட்டுவதென்று தீர்மானித்து, 2012-ல் மத்திய மந்திரி சபை 594 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. கட்டடம் எழுந்தது, இயந்திரங்கள் வந்தன, செலவு மதிப்பீட்டைத் தாண்டிற்று, மேற்கொண்டு பணம் வரவில்லை. 2021-ல் தனியார் கூட்டாளி ஒருவரைத் தேடினார்கள். யாரும் முன்வரவில்லை. அந்த வருஷம் மே 25-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். ஆலையை ராஜ்யத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கொரோனாக் காலம் முழுவதும் அங்கிருந்து ஒரு குப்பி கொரோனா மருந்து வெளியே வரவில்லை.

நான் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆலை இருந்தால் மட்டும் மறுநாளே மருந்து வந்து விடாது. வித்துக் கிருமி வேண்டும். அதை வளர்க்கும் நுணுக்கத்தை அறிந்தவர்கள் கற்றுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து லைசென்ஸ் வாங்க வேண்டும். கைப்பழக்கமும் ஆட்களும் முன்பே இருந்தால் இதற்குச் சில மாதங்கள். இல்லாவிட்டால் நோய் வந்து போன பிறகுதான் மருந்து. வெள்ளம் வருமுன் அணை போடு என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். வெள்ளத்தில் நின்றுகொண்டு மண் சுமக்க முடியாது.

2022-ல் அதே சைக்கிள் கடைக்குப் போனேன். உள்ளே நடக்க வழியில்லாமல் புது வண்டிகள் அடுக்கியிருந்தன. வாங்க ஆளில்லை. ஜனங்கள் மறுபடியும் மோட்டாருக்குப் போய் விட்டார்கள்.

"அடுத்த கொரோனா வந்தால் விற்று விடும், சார்" என்றார் கடைக்காரர். சிரிக்கத்தான் பார்த்தார். முகம் சிரிக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. வராத கூட்டத்துக்காகச் சரக்கு வைத்திருக்க வியாபாரியால் ஆகாது. நோயில்லாத வருஷத்திலும் கன்றுக்குத் தீனி போடுகிறவர் லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவராக இருக்க முடியாது. அது ராஜாங்கத்தின் வேலை. ராஜாக்கள் மாறினாலும் அது நிற்கக் கூடாது.

அன்று திருமணியிலிருந்து திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினேன். அவ்வூர்க் கோயிலைப் பற்றிய சாசனம் ஒன்று சரித்திரக்காரர்களிடையே பிரசித்தம். ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் இறையிலியாகக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அப்படியே காத்து வந்தான். மாமல்லபுரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த மாமல்லன்தான் அவன். பிறகு பல்லவரை வென்று தொண்டை நாட்டைப் பிடித்த ஆதித்த சோழன், தோற்றவர்கள் கொடுத்த தானம் என்று அதைத் தள்ளவில்லை. முன்னோர் வைத்தபடியே நடக்கட்டும் என்று புதுப்பித்துக் கல்லில் வெட்டி வைத்தான்.

இரண்டு சர்க்கார்களுக்கு நடுவே சிக்கி, பூட்டிக் கிடந்த கதவை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் பார்த்து வந்திருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிறிது தூரம் நடந்தேன். உடனே ஏறி மிதிக்க மனம் வரவில்லை.