கடிகாரத்தை மாற்றும் நாடுகளும் எமது நேரக் கணக்கும்

புலம்பெயர்ந்த உறவினர் எவருமில்லாத குடும்பம் எம்மிடையே அரிதாகிவிட்டது. தந்தையின் இறுதிக் கிரியையை ரொறன்ரோவிலுள்ள மகன் தொலைபேசித் திரையில் காண்கிறான். ஜனாஸா நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று லண்டனிலுள்ள சகோதரர் விசாரிக்கிறார். இத்தகைய வேளைகளில் நேர வித்தியாசத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த விடை ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே சரியானது.

பகலொளி சேமிப்பு நேரம் எனப்படும் ஏற்பாடே இதற்குக் காரணமாகும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலங்களைத் தாண்டும். டிசம்பரில் எட்டு மணித்தியாலங்கள்கூட இல்லை. கோடையில் மக்கள் உறங்கும்போதே வீணாகும் காலை வெளிச்சத்தை மாலைக்கு நகர்த்தவே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்நகர்த்துகின்றனர். வில்லியம் வில்லெட் என்ற ஆங்கிலேயர் 1907 இல் இதனை வலியுறுத்தியபோது நகைத்தவர்கள் பலர். ஆனால் 1916 இல், முதலாம் உலகப் போரின்போது, எரிபொருளைச் சேமிக்க வேண்டி ஜேர்மனி இதனை நடைமுறைப்படுத்தியது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்பற்றியது.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடைகால நேரமாகும். ரொறன்ரோவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிவடைகிறது. தென்கோளத்திலுள்ள சிட்னியிலோ ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை. அதே அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் கடிகாரத்தைத் தொடுவதேயில்லை. இந்த மாற்றத்தைக் கைவிட வேண்டுமென ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 இல் வாக்களித்தும் விடயம் கிடப்பிலேயே கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் திங்கட்கிழமை முற்பகல் 10 மணிக்குக் கிரியை என்று கொள்வோம். எமது நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே கிரீன்விச்சில் அப்போது அதிகாலை 4.30. லண்டனில் குளிர்காலமாயின் அதுவே நேரம், கோடையாயின் 5.30. ரொறன்ரோவில் கோடையாயின் திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலமாயின் ஞாயிறு இரவு 11.30. நேரம் மட்டுமன்றிக் கிழமையே மாறிவிடுகிறது. திங்கள் இரவு திரையைத் திறப்பவர் தகனம் முடிந்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்த பின்னரே அதனை அறிவார். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே வழமையாக ஐந்து மணித்தியாலமாகவுள்ள வித்தியாசம், மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் ஒக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் நான்காகக் குறைவதையும் பலர் கவனிப்பதில்லை. மரண அறிவித்தல்களில் "இலங்கை நேரப்படி" என்பதுடன் அந்தந்த நகரின் நேரத்தையும் கிழமையையும் சேர்த்து எழுதுவது நல்லது. மத்திய கிழக்கில் தொழில் புரிவோரின் குடும்பங்களுக்கு இத்தொல்லையில்லை. ரியாத், டோஹா நகரங்கள் எப்போதும் எமக்கு இரண்டரை மணித்தியாலமும், துபாய் ஒன்றரை மணித்தியாலமும் பிந்தியவை.

கடிகாரத்துடன் விளையாடிய அனுபவம் எமது நாட்டுக்கும் உண்டு. 1996 இல் மழை பொய்த்து மின்வெட்டு நீடித்தபோது, மே 25 ஆம் திகதி நேரம் ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டு, எஞ்சிய அரை மணி பத்தாண்டுகள் நிலைத்தது. கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நகர்த்துவதற்கு மேலதிக வெளிச்சம் இங்கே ஏது? ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழு மணியாகியது. பாடசாலைப் பிள்ளைகள் இருளிலேயே புறப்பட்டனர். சூரியனைப் பின்பற்றும் ஸுபஹ், மஃரிப் தொழுகைகளின் கடிகார நேரங்கள் பிந்தின; பஞ்சாங்கத்தின் இராகு காலத்துக்கும் அரை மணி கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் பழைய நேரமே பேணப்பட்டது. 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைத் தாண்டிச் சென்றவர்கள் அரை மணி பின்னோக்கிச் சென்றார்கள். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேளாமல் எவருடனும் சந்திப்பை நிச்சயிக்க இயலாதிருந்தது. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி அரசாங்கம் பழைய நேரத்துக்கு மீண்டதும் இருபுறத்துக் கடிகாரங்களும் ஒன்றாயின. அதே ஆண்டு ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது.