கள்ளின் ஆயுள்

தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் இறக்கிய தென்னங்கள்ளுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே பாளைச்சாற்றைப் புளிக்கவைத்துவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு. மறுநாள் நுரை அடங்கி, மூக்கைத் துளைக்கும் காடி நெடி வந்தால் கெட்டுவிட்டது என்று பொருள். வினிகர் வேண்டுவோருக்கு மட்டும் அது கேடல்ல. ஐரோப்பிய வெர்மூத் ஒயினில் கூடுதலாகச் சாராயம் சேர்ப்பதால், திறந்த புட்டியும் வாரக்கணக்கில் தாங்கும். கள்ளுக்கு அந்தக் காப்பு இல்லை. சங்கப் பாடல்கள் சொல்லும், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் என்னும் மதுவோ மலைநாட்டுச் சரக்கு; தோப்புக் கள் அல்ல. கள்ளை விற்ற கடைகளின் ஆயுளும் நீளவில்லை. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் எட்டியபோது தஞ்சைக் கள்ளுக்கடைகளும் மூடப்பட்டிருந்தன. இடையில் இருமுறை திறந்த கடைகளை 1987 தடை அடைத்தது.