டென்னசியின் பேட் சம்மிட்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பேட் சம்மிட். 1952 ஜூன் 14 அன்று டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் நகரில் பிறந்தார். குடும்பத்துக்குக் கறவை மாடுகளும் புகையிலை விவசாயமும்தான் பிழைப்பு. வைக்கோல் போடும் பரணில் அண்ணன்மாரோடு ஆடித்தான் அவர் பந்தைக் கையாளப் பழகினார். சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்றதும், அணி உள்ள பள்ளிக்காகக் குடும்பமே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. மகளின் விளையாட்டுக்காக ஒரு விவசாயி வீடு மாறுவது 1960களில் அரிது.

டென்னசிப் பள்ளிகளில் பெண்கள் அப்போது ஆடியது ஆறு பேர் ஆட்டம். மூவர் தாக்குவார்கள், மூவர் தடுப்பார்கள். ஒருவரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. முழுக் களமும் ஓடப் பெண்ணுடல் தாங்காது என்ற நம்பிக்கையில் வகுத்த விதி அது. தடுப்பு வரிசையில் நின்ற பெண் பள்ளி முடியும்வரை பந்தைக் கூடையில் போடாமலே போகலாம். அவரைக் கல்லூரி அணிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பயிற்சியாளரான பின் சம்மிட் இந்த விதியைக் கடுமையாக எதிர்த்தார். அந்த மாநிலத்தில் அது 1979இல்தான் ஒழிந்தது.

மார்ட்டின் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகக் கல்லூரியில் 1970 முதல் 1974 வரை அவர் ஆடினார். அண்ணன்மாருக்குக் கிடைத்த விளையாட்டு உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. பெற்றோரே கட்டணம் கட்டினர். அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்ததே 1972இல்தான்.

1974இல் உதவிப் பயிற்சியாளராகவும் முதுகலை மாணவியாகவும் நாக்ஸ்வில்லில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அணியின் பயிற்சியாளர் விடுப்பில் போகவே, 22 வயதில் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் சிலர் அவரைவிட ஓராண்டுதான் இளையவர்கள். சீருடைகள் டோனட் விற்ற காசில் வாங்கப்பட்டவை. அவற்றைத் துவைத்ததும், வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டியதும் பயிற்சியாளரே. ஒருமுறை ஆட்டத்துக்கு முந்தைய இரவை எதிரணியின் உடற்பயிற்சிக்கூடத்தில் பாய்களில் படுத்துக் கழித்தார்கள். முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று தோல்வி.

அந்த ஆண்டுகளில் அவர் இன்னும் ஆட்டக்காரரும்தான். முழங்காலில் பட்ட பெரிய காயத்திலிருந்து மீண்டு, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவராக வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இடம்பெற்றது அதுவே முதல்முறை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வென்ற அணிக்கு அவரே தலைமைப் பயிற்சியாளர்.

கல்லூரி சாம்பியன் பட்டத்துக்கோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பொறுப்பேற்ற பதின்மூன்றாவது பருவத்தில், 1987இல் லூசியானா டெக்கை வென்று முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. அதன்பின் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 என மொத்தம் எட்டு. 1997-98இல் ஆடிய 39 ஆட்டங்களிலும் வெற்றி. சமீகா ஹோல்ட்ஸ்க்ளா, டமிகா கேட்சிங்ஸ் ஆகியோர் ஆடிய அந்த அணியே அவருடைய அணிகளில் ஆகச் சிறந்தது.

அவருடைய முறை தடுப்பாட்டத்தையும், கூடையில் விழாது திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டையும் நம்பியது. தம் பெண்கள் வேகத்துக்கும் வலிமைக்கும் பழகவென்று ஆண் மாணவர்களுக்கு எதிராக ஆடவைத்துப் பயிற்றுவித்தார். வகுப்புக்கு மட்டம் போட்டவருக்கு ஆட்டத்தில் இடமில்லை. கல்லூரி ஆட்டக் காலத்தை அவரிடம் நிறைவு செய்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெற்றார் என்பது கோப்பைகளைவிடப் பெரிய சாதனை. பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியை நடத்த அழைப்பு வந்தும் அவர் ஏற்கவில்லை; பெண்கள் அணியிலிருந்து அங்கே போவதை உயர்வென்று அவர் கருதியதே இல்லை.

2005 மார்ச்சில் 880ஆவது வெற்றியோடு, வட கரோலினா பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்தின் வெற்றிக் கணக்கை முந்தினார். 2011 ஆகஸ்டில், 59ஆம் வயதில், தமக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். அந்நோய் குறித்த ஆய்வுக்கு உதவ அறக்கட்டளையும் அமைத்தார். இன்னுமொரு பருவம் அணியோடு இருந்துவிட்டு, 2012 ஏப்ரலில் பொறுப்பை முன்னாள் மாணவி ஹோலி வார்லிக்கிடம் கொடுத்தார். 38 பருவங்களில் 1,098 வெற்றி, 208 தோல்வி. தோல்விகள் மிகுந்த பருவம் ஒன்றுகூட இல்லை. 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் காலமானார். பெண்கள் ஆட்டத்தில் அவருடைய வெற்றிக் கணக்கை ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் 2020 டிசம்பரில் கடந்தார்.