வெற்று மாத்திரையும் பெண்ணின் சொல்லும்: மாதவிடாய் நிறுத்தத்துக்கு ஹோமியோபதியைச் சோதித்த கதை

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்ணுடல் படும் பாட்டை நம் வீடுகளில் இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுவார்கள்: “அதெல்லாம் அப்படித்தான்.” நெஞ்சிலிருந்து முகம்வரை திடீரென்று சூடேறி, வியர்த்துக் கொட்டி, பிறகு உடம்பு சில்லிட்டுப்போகும் ‘ஹாட் ஃப்ளஷ்’, கெட்டுப்போகும் ராத்தூக்கம், மூட்டுவலி, காரணம் புரியாத அழுகை என எல்லாமே பொறுத்துக்கொள்ள வேண்டியவை. இந்த அலட்சியத்திலிருந்து தப்பிக்கப் பெண்கள் தேடிப்போன இடங்களில் ஒன்று ஹோமியோபதி. அங்கே மருத்துவர் உட்காரவைத்து நீண்ட நேரம் கேட்பார். என்ன கனவு வருகிறது, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது என்றுகூட விசாரிப்பார். மருந்தும் இனிக்கும். அப்படிக் கேட்டுக் கொடுத்த மருந்தைப் பார்த்து “இது உண்மையில் வேலை செய்கிறதா?” என்று கேட்பது நன்றிகெட்டதனம்போலத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வியைச் சில பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பெண்ணின் சொல்லுக்கு மருத்துவம் என்ன மதிப்பு கொடுத்தது என்பதையும் அந்தக் கேள்வியின் வரலாற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

‘மெனோபாஸ்’ என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1821இல் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் த கார்தான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உடலில் இயல்பாக நடக்கும் ஒரு மாற்றம் மருத்துவரின் பொறுப்புக்குள் வந்த கட்டம் அது. 1857இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் இந்தப் பருவத்தைப் பற்றி முழுநீளப் புத்தகமே எழுதினார். அந்தக் காலத்து வைத்தியம் பயங்கரமானது. ரத்தத்தை வடித்தார்கள், அட்டை விட்டார்கள், அபினி கொடுத்தார்கள், ஈய உப்புக் கரைசலைப் பெண்ணுறுப்புக்குள் செலுத்தினார்கள்.

அதற்குப் பக்கத்தில் ஹோமியோபதியை வைத்துப் பார்த்தால்தான் பெண்கள் ஏன் அங்கே போனார்கள் என்பது புரியும். ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் தன் கொள்கையை முன்வைத்தார். ஆரோக்கியமான ஒருவரிடம் ஒரு பொருள் என்ன குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகளோடு வரும் நோயாளியை அது குணமாக்கும் என்றார். அந்தப் பொருளையும் நூறு மடங்கு, மறுபடி நூறு மடங்கு என்று நீர்த்துக் குலுக்கிக் கொடுத்தார். 12 முறைக்குமேல் இப்படி நீர்த்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. வழக்கமாகக் கொடுக்கப்படும் ‘30’ வீரியம் என்பது 30 முறை நீர்த்தது. ரத்தம் வடிப்பவர்களுக்கு எதிரே, எதுவுமே செய்யாத மருந்துகூட உயிர்காக்கும் மருந்துதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அலோபதிக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் ஹோமியோபதி அதைக் கொஞ்சம் திறந்துவைத்தது. 1863இல் கிளெமென்ஸ் சோஃபியா லோசியர் நியூயார்க்கில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோது அது ஹோமியோபதிக் கல்லூரியாகவே இருந்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதன் ஆதரவாளர். தன் வீட்டிலும் ஹோமியோபதி மருந்தையே பயன்படுத்தியவர். பெண்ணியத்துக்கும் ஹோமியோபதிக்கும் இருந்த இந்தப் பழைய உறவை மறந்துவிட்டு, ஹோமியோபதிக்குப் போன பெண்களை ஏமாளிகள் என்று சொல்வது வரலாற்றுக்கு அநியாயம்.

ஆனால் அந்த உறவுக்குள்ளும் ஒரு சிக்கல் இருந்தது. மாதவிடாய் நிறுத்தத்துக்கு ஹோமியோபதி அதிகம் நம்பும் மருந்துகளில் ஒன்று லாக்கெஸிஸ். தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் ‘புஷ்மாஸ்டர்’ என்ற கொடிய பாம்பின் விஷத்திலிருந்து செய்யப்படுவது. 1828இல் சூரிநாமில் கான்ஸ்டன்டின் ஹெரிங் இந்த விஷத்தைக் கையாண்டு, தன் உடம்பிலேயே அதன் விளைவைப் பார்த்தார். அவர் ஜன்னியில் பிதற்றியதை அருகிலிருந்த மனைவி குறித்துவைத்தார் என்று ஹோமியோபதி உலகில் சொல்வதுண்டு. ஓர் ஆணின் விஷ அனுபவத்தில் தொடங்கிய அந்தக் குறிப்பேடு, பிந்தைய நூல்களில் வயதேறும் பெண்ணின் சித்திரமாக வளர்ந்தது. உடம்பு சூடேறும், கழுத்தைச் சுற்றி எதுவும் இறுக்கமாக இருந்தால் தாங்காது, ஓயாமல் பேசுவாள், பொறாமைப்படுவாள். கணவாய் மையிலிருந்து செய்யப்படும் செபியாவுக்குரிய பெண் இன்னொரு வகை. கணவன் மீதும் பிள்ளைகள் மீதும் பற்றற்றுப் போனவள், எரிந்துவிழுபவள். காலமெல்லாம் குடும்பத்துக்கு உழைத்துக் களைத்த பெண்ணின் வெறுப்பு இங்கே மருந்துக்கான ‘குறி’யாகிவிடுகிறது. ஹோமியோபதி பெண்ணின் பேச்சைக் கேட்டது உண்மை. கேட்டதை எந்தப் பெட்டியில் போட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முறையும் ஹோமியோபதியைச் சுற்றி நடந்த சண்டையில்தான் கூர்மை பெற்றது. 1835இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், 30 வீரியத்துக்கு நீர்த்த சாதாரண உப்பு ஒருவரிடம் ஏதேனும் மாற்றத்தை உண்டாக்குமா என்று பந்தயம்போலப் பார்த்தார்கள். எண்ணிடப்பட்ட புட்டிகளில் பாதிக்கு உப்பு மருந்தையும், பாதிக்கு வெறும் பனிநீரையும் ஊற்றினார்கள். எதில் எது என்பது குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. விவரம் சொன்ன 50 பேரில் 42 பேர் எதையும் உணரவில்லை. உணர்ந்த 8 பேரில் 5 பேர் மருந்தையும், 3 பேர் வெறும் தண்ணீரையும் குடித்திருந்தார்கள். இன்று ‘இரட்டை மறைப்புச் சோதனை’ என்று அழைக்கப்படும் முறையின் மிகப் பழைய உதாரணங்களில் இது ஒன்று.

இந்த முறை மாதவிடாய் நிறுத்தத்துக்கான மருந்துகளிடம் வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேலானது. தாமதத்தின் விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், ‘பிரெமரின்’ என்ற பெயரில் 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிறுத்தம் ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண் என்றென்றும் ‘பெண்ணாகவே’ இருக்கலாம் என்றும் எழுதிய புத்தகம் பரபரப்பாக விற்றது. அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்களின் பணம் வந்தது பிறகு வெளியானது. தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 1975இல் ஆய்வுகள் சொல்லின. பெண்கள் நலனுக்கான அமைப்புகள், மருந்துப் பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வைக்க வேண்டும் என்று போராடின. 16,608 பெண்கள் பங்கேற்ற பெரிய சோதனை ஒன்று 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. 60 வயதுக்கு உட்பட்ட, தொல்லை கடுமையாக உள்ள பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையின் நன்மை பெரும்பாலும் அபாயத்தைவிட அதிகம் என்று பின்னர் தெளிவானது. ஆனால் அந்த வருடத்தில் லட்சக்கணக்கானோர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கோ ஈஸ்ட்ரோஜன் ஆகாது. அவர்கள் எடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரையே ஹாட் ஃப்ளஷ்ஷைக் கூட்டும். ஹோமியோபதிச் சோதனைகள் இவர்களிடம்தான் நடந்தன.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் எலிசபெத் தாம்சன், அமெரிக்காவில் ஜெனிஃபர் ஜேக்கப்ஸ் ஆகிய இருவருமே ஹோமியோபதி செய்த பெண் மருத்துவர்கள். தங்கள் மருந்தைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தினார்கள். தாம்சன் குழு முதலில் 45 பெண்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டது. பலருக்கு நல்ல முன்னேற்றம். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பிறகு 53 பெண்களை இரண்டாகப் பிரித்து, இரு குழுவினரையும் ஒரேமாதிரி உட்காரவைத்துக் கேட்டு, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2005இல் வந்த முடிவு: இரு குழுவிலும் பெண்கள் தேறினார்கள், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டில் ஜேக்கப்ஸ் குழு 83 பெண்களிடம் நடத்திய சோதனையிலும் ஹாட் ஃப்ளஷ்ஷின் கடுமையில் தெளிவான வித்தியாசம் இல்லை. மருந்து எடுத்தவர்கள் தங்கள் பொதுவான உடல்நலம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். பல மருந்து கலந்த மாத்திரையை எடுத்தவர்களுக்குத் தலைவலி அதிகமாக இருந்தது.

இந்த இரண்டு சோதனைகளும் எதை அளந்தன என்பதும் முக்கியம். அமெரிக்கச் சோதனை பயன்படுத்திய அளவுகோல்களில் ஒன்று 1950களில் உருவான குப்பர்மன் அட்டவணை. அதில் 11 தொல்லைகள். ஹாட் ஃப்ளஷ்ஷுக்கு நான்கு மடங்கு மதிப்பெண். பெண்ணுறுப்பு வறண்டுபோவதற்கோ உடலுறவு வலிப்பதற்கோ அதில் இடமே இல்லை. பெண்ணுக்கு எது தொல்லை என்பதை மருத்துவர்களே முடிவு செய்த அட்டவணை அது. பிரிஸ்டல் பயன்படுத்தியது வேறு கருவி. 1996இல் சார்லட் பேட்டர்சன் என்ற பெண் மருத்துவர் வடிவமைத்த அந்தத் தாளில், தன்னை அதிகம் வாட்டும் இரண்டு தொல்லைகளை நோயாளியே எழுதி, அவற்றுக்குத் தானே மதிப்பெண் போடுவார். பெண்ணின் சொல்லே அங்கே அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தும் உருண்டைக்குள் இருந்த மருந்தின் பங்கு தென்படவில்லை.

வேறு முடிவு சொன்ன சோதனைகளும் உண்டு. 2012இல் பிரான்ஸில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஒன்றில், லாக்கெஸிஸ் உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் கலவை வெற்று மாத்திரையைவிடச் சற்று நன்றாக இருந்தது. செலவைக் கொடுத்தது அந்த மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனம். 2015இல் மெக்ஸிகோவில் 133 பெண்களிடம், இந்தப் பருவத்து மனச்சோர்வுக்கு ஹோமியோபதி உதவியதாக ஒரு சோதனை சொன்னது. கவனித்தது ஆறு வாரம். இந்தியாவில் அரசின் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழுமம் பல மையங்களில் 223 பெண்களைக் கவனித்து 2011இல் நல்ல முடிவு என்று அறிவித்தது. அதிகம் கொடுக்கப்பட்டவை செபியா, லாக்கெஸிஸ் முதலானவை. ஒப்பீட்டுக் குழு கிடையாது. பிரிஸ்டலின் முதல் ஆய்வும் இப்படித்தான் இருந்தது. ஒப்பிட்டபோது என்ன ஆனது என்று பார்த்தோம். அரசு மருத்துவமனைகளிலேயே ஹோமியோபதிப் பிரிவு இயங்கும் நாட்டில், அந்த இரண்டாவது அடியை எடுத்துவைக்கும் கடமை மற்ற நாடுகளைவிட நமக்கு அதிகம்.

ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு அவசியம்? ஹார்மோன் மாத்திரைச் சோதனைகளைத் தொகுத்து 2004இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே ஹாட் ஃப்ளஷ்ஷின் எண்ணிக்கை சராசரியாக 57.7 சதவீதம் குறைந்திருந்தது. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் பெண்கள் மருத்துவரைத் தேடுகிறார்கள்; உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம் வரும். பலருக்கு இந்தத் தொல்லை காலப்போக்கில் தானாகவே தணியும். ஒருவர் அக்கறையோடு கவனிக்கிறார் என்பதும் உடம்பைத் தேற்றும். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவதே மருந்தின் கணக்கு.

இந்த எண்ணைச் சிலர் வேறுவிதமாகத் திருப்புவார்கள்: “சர்க்கரை உருண்டைக்கே குறைகிறதென்றால் எல்லாம் மனப்பிரமைதானே?” இதற்குப் பதில் வந்துவிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில், ஹைப்போதலாமஸ் பகுதியின் சில நரம்பணுக்கள் பெருத்திருப்பதை 1990இல் அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ் காட்டினார். ஈஸ்ட்ரோஜனின் பிடி தளர்ந்ததும் இந்த அணுக்கள் மிகையாக இயங்கி, உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் அமைப்பைக் குழப்புகின்றன. அந்த வழியைத் தடுக்கும், ஹார்மோன் அல்லாத ‘ஃபெசோலினெட்டன்ட்’ என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்து, விலையும் அதிகம். ஆனால் வெப்பம் பெண்ணின் கற்பனை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வலி நிஜம், வெற்று மாத்திரையால் கிடைத்த ஆறுதலும் நிஜம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்.

ஆகவே இந்தச் சோதனைகளிலிருந்து பெண்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஹார்மோன் மாத்திரையின் பொய் வாக்குறுதியைச் சோதனையால் உடைத்தோம். அதே அளவுகோலை மென்மையாகப் பேசுபவர்களின் மருந்துக்கும் வைக்க வேண்டும். அன்பாகக் கொடுத்தார்கள் என்பதற்காக விலக்கு கூடாது. இன்னொன்று, பிரிஸ்டலில் மருந்தில்லாத குழுவும் தேறியதே, அதில் கேட்கப்பட்டதன் பங்கு எவ்வளவோ, அதை உருண்டையோடு சேர்த்து வாங்க வேண்டியதில்லை. புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் மருத்துவத்திடம், கேட்கப்படும் நேரத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே நாம் கோரலாம்.

கடைசியாக ஒன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அதை எந்த உருண்டையோடும் காத்திருந்து பார்க்கக் கூடாது. அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். “அதெல்லாம் அப்படித்தான்” என்று யார் சொன்னாலும், அன்றே மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.